பக்ளிங்: நெளிவா, ஒசிவா, ஒடுக்கா?

நண்பர்களுக்கு,

பாலிடெக்னிக் பாடநூல் தமிழாக்கத்தில் ‘அழுத்தமேற்றிய மெல்லோட்டுக் கலன்கள்’ என்ற இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தகைவு (ஸ்ட்ரெஸ்), திரிபு (ஸ்ட்ரெயின்), யங் குணகம் (பொருளின் விறைப்பளவு) எல்லாம் பழகிய சொற்கள். பக்ளிங், அதாவது இறுக்கும் சுமையில் மெல்லிய கட்டமைப்பு திடீரென வடிவம் குலைந்து மடங்குவது, மட்டும் நாற்பது இடங்களுக்கு மேல் ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. தூண்கள் பற்றிய முந்தைய இயலை மொழிபெயர்த்தவர் அதற்கு ‘வளைவு’ என்று போட்டிருக்கிறார். அதைத் தொடர வழியில்லை, ஏனென்றால் பெண்டிங்குக்கும் (சாதாரணமாக வளைவதற்கும்) வளைவுதான். ‘வளைவுத் தகைவு எல்லையைத் தாண்டாமலே வளைவு ஏற்படும்’ என்று ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது. படிக்கிற பையன் என்ன செய்வான்?

என் முன்மொழிவு ‘நெளிவு’. மாற்று இருந்தால் வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.

– செ.

---

ஐயா, வணக்கம்.

நெளிவு புழுவுக்கும் பாம்புக்கும் உரியது. அது தொடர்ந்து நிகழும் அசைவு. இரும்பு அப்படி அசைவதில்லை. நம்மிடம் இதற்கென்றே ஒரு வேர் இருக்கிறது: ஒசி. ஒல்குதல் என்றால் தளர்ந்து சாய்தல். ஒசிதல் என்றால் சுமைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வளைந்து வீழ்தல். ஒடிதல் துண்டாதல். ஒடுங்குதல் உள்வாங்குதல். நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒரு கட்டமைப்பு தோற்கும் படிகள் அத்தனையும் ஒகரத்திலேயே அடங்கிவிடுகின்றன. யானை ஒசித்த கிளையைச் சங்கப் புலவர்கள் பாடிச் சலிக்கவில்லை.

இலக்கணமும் இடம் தருகிறது. ஒசிதல் தன்வினை, ஒசித்தல் பிறவினை. ‘ஒசிசுமை’, ‘ஒசிதகைவு’ என வினைத்தொகையாகவே முடிந்துவிடும். துவளல் என்று யாரும் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அதன் பிறவினை ‘துவட்டு’. தலை துவட்டுவதற்கு மட்டும் அது இருக்கட்டும்.

– புல.

---

செ., புல. ஐயா இருவருக்கும்,

வேருக்குப் போகும் முன் அந்தச் சொல் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று பார்த்துவிடலாம். முறிவு, கிழிவு, தளர்வு மூன்றும் இங்கே ஆகாது. பக்ளிங்கில் தோற்பது பொருளல்ல, வடிவம். மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு இற்றது வேறு கதை. அங்கே பொருளே தோற்றது.

ஒரு கணக்கு. உருளைக் கலன், ஆரம் 5 மீட்டர், தகட்டின் தடிமன் 10 மி.மீ., மென்னெஃகு. உள்ளே 2 பார் அழுத்தம் ஏற்றினால் சுற்றுத்திசையில் இழுவிசைத் தகைவு 100 மெகாபாஸ்கல், நெடுக்கில் அதில் பாதி, 50. மென்னெஃகு 250 வரை தாங்கும், அதுதான் அது இளகும் (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும்) எல்லை. கவலையில்லை.

இப்போது அழுத்தத்தை எடுத்துவிட்டு, மேலிருந்து அமுக்குங்கள். பழைய சூத்திரப்படி மாறுநிலைத் தகைவு (பக்ளிங் தொடங்கும் தகைவு) 0.605 × யங் குணகம் × தடிமன் ÷ ஆரம். 200 கிகாபாஸ்கல் என்று வைத்தால் 242 மெகாபாஸ்கல். தகடு இளகும் எல்லைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று மாணவன் நிம்மதியாகிவிடுவான். சோதனையில் அது வரவே வராது. நாசா 1968-இல் திருத்தி வெளியிட்ட எஸ்பி-8007 வழிகாட்டியின்படி, ஆரம் தடிமனைப் போல் 500 மடங்கு உள்ள ஓட்டுக்கு அந்த எண்ணை 0.32-ஆல் பெருக்க வேண்டும். மிஞ்சுவது 77. 1000 மடங்கானால் பெருக்கும் எண் 0.22. காரணம் தகட்டின் தடிமன் அளவுகூட இல்லாத வடிவக் குறைகள். 1945-இல் டெல்ஃப்ட் ஆய்வேட்டில் கொய்ட்டர் இதற்குக் கோட்பாடு அமைத்துவிட்டார். டச்சு மொழியில் இருந்ததால் உலகம் கவனிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

அதே கலன், வெளியழுத்தம். இடையில் வளையத் தாங்கிகள் இல்லாத நீண்ட உருளை என்றால் 0.44 கிலோபாஸ்கலிலேயே போய்விடும். நீர்மட்டக் கணக்கில் 45 மி.மீ. உள்ளிருந்து 2 பாரைச் சிரமமில்லாமல் தாங்கிய அதே தகடுதான். வர்ணம் பூசும்போது மூச்சுக்குழாய் வாயில் பாலிதீன் கட்டிவிட்டு, பிறகு பம்பை ஓடவிட்டால் தொட்டி உள்வாங்குவது இதனால்தான்.

ஆகவே சொல் மூன்று இடங்களில் பொருந்த வேண்டும். நெடுக்கு அமுக்கத்தில் வைர வடிவக் குழிகள். வெளியழுத்தத்தில் மேலிருந்து கீழ்வரை நீண்ட மடிப்புகள். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: உள்ளழுத்தம் மட்டுமே உள்ள கலனிலும் டிஷ் எண்டின் (குவிந்த மூடியின்) நக்கிள் பகுதியில் (விளிம்பை ஒட்டிய வளைவில்) சுருக்கங்கள் வரும். நீள்வட்ட மூடியில் அரை அகலம் உயரத்தைப் போல் 1.41 மடங்கைத் தாண்டினால் விளிம்பில் சுற்றுத் தகைவு குறி மாறிவிடும். வழக்கமான 2-க்கு-1 மூடியில், உருளையில் எவ்வளவு இழுவிசையோ அவ்வளவே எதிர்க்குறியில். மூடி மெல்லியதாக இருந்தால் ஊதும்போதே சுருங்கும்.

மூன்றுமே அலை வடிவம். நெளிவுக்கு என் வாக்கு.

– க.

---

க. அண்ணா,

‘அமுக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யாழ்ப்பாணத்து மாணவன் பிரஷர் என்றுதான் வாசிப்பான். எங்களுக்கு வளிமண்டல அமுக்கம், உங்களுக்கு வளிமண்டல அழுத்தம். ‘நெடுக்கு அமுக்கத்தில் நெளியும்’ என்றால் குழாய்க்குள் காற்று அடித்தால் நெளியும் என்று விளங்கிக்கொள்வான். நேர் எதிர்ப்பொருள். ஒரு கலன் வெடிக்கப் போதுமான குழப்பம். கம்ப்ரஷனுக்கு (இழுவிசைக்கு எதிரான அமுக்கும் விசைக்கு) ‘இறுக்கம்’ என்று வைத்தால் இரண்டு கரைக்கும் பொது.

இன்னுமொன்று. ஸ்ட்ரெயினுக்கு நாங்கள் விகாரம் என்கிறோம், நீங்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். நன்னூல்படி தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் சேர்ந்ததுதான் விகாரம். உங்கள் ‘திரிபு’ எங்கள் விகாரத்துக்குள் ஒரு வகை மட்டுமே. நீட்சி, சுருக்கம், சறுக்கு எல்லாவற்றையும் அடக்கும் சொல் எது என்று நீங்களே யோசியுங்கள்.

– யா.

---

யா. சொன்ன ‘இறுக்கம்’ ஏற்கத்தக்கது. விகாரத்தை இன்று திறக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

– செ.

---

எல்லோரும் நூலகத்திலேயே நிற்கிறீர்கள். பட்டறையில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: ஒடுக்கு. ‘தொட்டியில் ஒடுக்கு விழுந்திருச்சு’, ‘ஒடுக்கு எடுக்கணும்’. வெல்டருக்கும் புரியும், டிங்கருக்கும் புரியும், அரசுப் பாடநூலுக்கு மட்டும் ஏன் புரியக்கூடாது? ஒசிவு என்று எழுதினால் அதற்கு ஒரு அடிக்குறிப்பு வேண்டும், அடிக்குறிப்புக்கு ஒரு உரையாசிரியர் வேண்டும்.

– மா.

---

மா.,

ஒடுக்கு நல்ல சொல், ஆனால் வேறு இடத்துக்கு வேண்டும். ஏற்றி இறக்கும்போது தகட்டில் இடித்து விழுவது ஒடுக்கு. அந்த ஒடுக்கிலிருந்து தொடங்கி ஓடு முழுவதும் பரவுவது பக்ளிங். முன்னது காரணம், பின்னது விளைவு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் ‘ஒடுக்கின் ஆழம் கூடக்கூட ஒடுக்குச் சுமை குறையும்’ என்று எழுத வேண்டிவரும். ஒடுக்கை ‘டெண்ட்’டுக்கு எடுத்துக்கொள்கிறோம், மனதார.

– க.

---

ஐயா,

க. அவர்கள் ‘வடிவக் குறை’ என்கிறார். குறை எதற்கு? ‘வழு’ இருக்கிறதே. வழு என்று ஒன்று வந்துவிட்டால் இலக்கணமே அடுத்ததைத் தருகிறது: வழுவமைதி. பிழைதான், ஆனாலும் இன்ன அளவு வரை ஏற்கலாம் என்று அமைத்துக்கொள்வது. டாலரன்ஸ் என்பதற்கு இதைவிடப் பொருந்தும் சொல் உலகில் எந்த மொழியிலும் இராது. ‘வட்டத்தன்மையில் வழுவமைதி ஆரத்தில் நூற்றில் ஒரு பங்கு’ என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு அழகு!

ஒசிவைப் பற்றி யாரும் மறுமொழி சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

– புல.

---

வழுவமைதி பிரமாதம், ஐயா. வரைபடத்தில் போட்டால் ஃபிட்டர் தமிழாசிரியரைத் தேடிப் போவார். ‘ஏற்கும் விலகல்’ என்று எழுதி, அடைப்புக்குள் வழுவமைதி என்று போடலாம்.

0.32-ஆல் பெருக்கும் அந்த எண்ணுக்கும் சொல் வேண்டும். தாழ்த்துக் காரணி, குறைப்புக் காரணி என்று இரண்டு வந்திருக்கின்றன. நகைக்கடைக்காரர் போல் ‘சேதாரம்’ என்று வைத்தால் ஒரே தடவையில் மாணவனுக்குப் பதியும். என்ன, அவர் கழிப்பது நூறில் பத்துப் பதினைந்து, நாசா கழிப்பது அறுபத்தெட்டு.

– க.

---

குழுவுக்கு,

நெளிவுக்கு ஒரு தடை. நிலநடுக்கத்தில் திரவம் நிறைந்த தொட்டியின் அடிப்பகுதி வெளியே பிதுங்குகிறதே, எலிஃபண்ட்ஸ் ஃபுட் (யானைப் பாதம்) என்பார்கள், 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தில்கூடப் பார்த்தது, அதில் அலையே இல்லை. திரவ அழுத்தத்தால் சுற்றுத்திசையில் தகடு ஏற்கெனவே இளகும் எல்லையில் இருக்கிறது. தொட்டி ஒருபக்கம் சாயும்போது நெடுக்கில் இறுக்கமும் சேர்கிறது. அடித்தட்டுக்குச் சற்று மேலே ஒற்றை வளையமாகப் பிதுங்குகிறது. இதை எப்படி நெளிவு என்பது? பிதுக்கம்தான்.

அதை ‘யானைக்கால் நெளிவு’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். யானைக்கால் என்றால் வகுப்பில் எல்லோருக்கும் கொசு கடித்து வரும் நோய்தான் நினைவுக்கு வரும்.

– த.

---

த. அம்மா, யானைக்கால் என்றே வைக்கலாம். நோயைப் போலவே வீங்கி நிற்கிறது, பையன்கள் மறக்கவே மாட்டார்கள்.

– மா.

---

மா., நோயாளி வீட்டுப் பிள்ளையும் அந்த வகுப்பில் இருக்கும். ‘அடிப்பிதுக்கம்’ போதும்.

– த.

---

நண்பர்களுக்கு,

நேரம் முடிந்தது. நெளிவுக்கு ஐவர், ஒசிவுக்கு ஒருவர், ஒடுக்குக்கு ஒருவர். அனுப்பிய கோப்பில் இப்படி இருக்கிறது: பக்ளிங் – நெளிவு. மாறுநிலை நெளிதகைவு. டெண்ட் – ஒடுக்கு. கம்ப்ரஷன் – இறுக்கம். நாக்டவுன் காரணி – தாழ்த்துக் காரணி (சேதாரத்தைப் பதிப்பாசிரியர் ஒப்பவில்லை). எலிஃபண்ட்ஸ் ஃபுட் – அடிப்பிதுக்கம். டாலரன்ஸ் – ஏற்கும் விலகல். அடைப்புக்குள் வழுவமைதி, முதல் இடத்தில் மட்டும்.

எடுத்துக்காட்டுப் பெட்டியில் அட்லஸ் ராக்கெட்டைச் சேர்த்திருக்கிறேன். 3 மீட்டர் விட்டம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துருப்பிடிக்காத எஃகுத் தகடு. உள்ளே அழுத்தம் இருந்தால்தான் நிற்கும். 1963 மே மாதம் கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்தில் அழுத்தம் இழந்து ஏவுமேடையிலேயே சரிந்தது. ‘நெளிந்து சரிந்தது’ என்று எழுதியிருக்கிறேன்.

– செ.

---

ஐயா,

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஒப்பவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். தானியக் களஞ்சியங்களை அலையலையான தகட்டில் செய்கிறார்கள், சுற்றுத்திசையில் விறைப்பு கூடும் என்பதற்காக. அந்தத் தகட்டுக்கு அடுத்த இயலில் ‘நெளிதகடு’ என்று நீங்களே பெயர் வைத்திருக்கிறீர்கள். அங்கே ‘நெளிவைத் தடுக்க நெளிதகடு பயன்படுகிறது’ என்று அச்சாகப் போகிறது. நெளிதகடு நெளிந்தால் அதை என்னவென்று எழுதுவீர்கள்?

– புல.