களைக்கொல்லி தாங்குகிற சோயாவிலும் கொழுந்து மஞ்சளடிக்குமா?

உடுமலைக்காரன்:
வணக்கமுங்க. மக்காச்சோளம் போட்டு வந்த காட்டில் இந்த முறை 2 ஏக்கர் சோயா விதைத்திருக்கிறேன். 18ஆம் நாள் களைக்கு இமாசெத்தபயர் 10 சதவீத மருந்து அடித்தேன், கடையில் சொன்னபடி 16 லிட்டர் டேங்குக்கு 40 மில்லி. நடுக்காடு பரவாயில்லை, லேசாக வெளுத்திருக்கிறது. ஆனால் வரப்போரம் டேங்கோடு திரும்பிய இடமெல்லாம் கொழுந்து மஞ்சளடித்து, பயிர் வளராமல் நிற்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான், அங்கே கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்குகிற சோயாவிலேயே இப்படி மஞ்சள் வரும் என்கிறான். தாங்குகிற பயிர் என்றால் எவ்வளவு அடித்தாலும் தாங்க வேண்டாமா?

கோவை வேளாண் பட்டதாரி:
அப்படி இல்லைங்க. கிளைபோசேட் செடிக்குள் இருக்கும் ஒரு நொதியை முடக்கித்தான் களையைச் சாகடிக்கிறது. 1996இல் அமெரிக்காவில் சாகுபடிக்கு வந்த சோயாவில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்தார்கள். அது செய்யும் நொதியை இந்த மருந்தால் முடக்க முடியாது. அதனால் பயிர் சாகாது. ஆனால் உள்ளே போன மருந்து சிதைந்து ஆம்பா என்ற பொருளாகிறது, அதுதான் கொழுந்தை வெளுக்க வைக்கிறது. அளவு கூடினாலோ ஒரே இடத்தில் இரண்டு தரம் விழுந்தாலோ இது நன்றாகத் தெரியும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் பச்சை திரும்பிவிடும்.

உங்கள் சோயாவில் அப்படி எந்த மரபணுவும் இல்லை. இமாசெத்தபயரைத் தானே சிதைத்துக்கொண்டு பிழைக்கிறது, அந்த வேகத்துக்கு மேல் மருந்து போனால் திணறிவிடும்.

பல்லடம் தோட்டம்:
தம்பி, டேங்குக்கு எத்தனை மில்லி என்று கேட்பதே தப்பு. ஏக்கருக்கு 400 மில்லி, அதுதான் கணக்கு. ஒருத்தர் ஏக்கருக்கு 10 டேங்க் அடிப்பார், இன்னொருத்தர் 15 அடிப்பார், நடைக்கும் நாசிலுக்கும் தக்க மாறும். வெறும் தண்ணீரை ஊற்றி 5 சென்ட் அடித்துப் பாருங்க, ஆன லிட்டரை 20ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். திரும்பும்போது கையை எடுத்து மருந்தை நிறுத்திவிடுங்க. அப்புறம், இந்த மருந்து மண்ணில் மாதக்கணக்கில் நிற்கும். கூடப் போன இடத்தில் அடுத்து சோளமோ பருத்தியோ போடும் முன் யோசியுங்க.

தாராபுரத்தான்:
பயந்துபோய் அளவைக் குறைத்தும் அடித்துவிடாதீர்கள். அரைகுறையாகத் தப்பிய களைதான் விதை போட்டுப் பெருகும். அமெரிக்காவில் ஒரே மருந்தையே வருசக்கணக்கில் நம்பியதில், கிளைபோசேட்டுக்குச் சாகாத ஒரு முள்ளில்லாக் கீரைக் களை 2005இல் ஜார்ஜியாவில் உறுதியானது. களைக்கொல்லி தாங்கும் சோயா விதைக்கு இந்தியாவில் அனுமதி இல்லை, யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உடுமலைக்காரன்:
இன்று காலை தண்ணீர் வைத்துப் பார்த்தேனுங்க. 5 சென்டுக்கு 12 லிட்டர் ஆனது, அப்படியென்றால் ஏக்கருக்கு 240 லிட்டர், 15 டேங்க். ஏக்கருக்கு 600 மில்லி போயிருக்கிறது, திரும்பிய இடத்தில் அதற்கும் இரட்டிப்பு. மஞ்சள் ஓரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டேன், 10 நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.