பூனைக்கு இன்சுலின் போட்ட பிறகு சர்க்கரை ரொம்ப இறங்கினால் வீட்டில் என்ன செய்யணும்?

அம்பை_பூனைவீடு

நாட்டுப் பூனை, கடுவன், 9 வயசு, 4.5 கிலோ. கிளார்ஜின் இன்சுலின் காலை 7க்கும் ராத்திரி 7க்கும் 2 யூனிட் போகுது. இன்னைக்கு மத்தியானம் 12 மணிக்கு, மனுஷங்களுக்கு வாங்குற குளுக்கோமீட்டர்ல பார்த்தா 46. தள்ளாட்டம் எதுவும் இல்ல. சோறும் மீனும் பிசைஞ்சு வச்சதும் தின்னான், அரை மணி கழிச்சு 88.

மூணு கேள்வி. ராத்திரி ஊசி போடலாமா? அடுத்த தடவை இழுப்பு கிழுப்பு வந்தா எதை, எவ்வளவு, எப்படிக் கொடுக்கணும்? வீட்டுல கருப்பட்டி, தேன் ரெண்டும் இருக்கு. அப்புறம், இத்தனை நாள் ஒத்துக்கிட்ட அதே அளவு இப்ப ஏன் இப்படி இறக்குது? இங்கிருந்து ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆகும், அதனாலதான் முன்கூட்டியே கேக்கேன்.

தாமிரவருணிக்கரை

88 வந்துட்டுன்னு இன்னும் விட்றாதீங்க. கிளார்ஜின் ஏறக்குறைய 12 மணி நேரம் வேலை செய்யும் மருந்து. சோறு ஏத்தின சர்க்கரை செலவானதும் இன்சுலின் மறுபடி இறக்கும். சாயங்காலம் வரைக்கும் மணிக்கு ஒரு தடவை பாருங்க, 70க்குக் கீழ வந்தா மறுபடி சாப்பாடு.

ராத்திரி ஊசி: 7 மணிக்கு மீட்டர்ல பார்க்காம தொடவே வேண்டாம். 200க்குக் கீழ இருந்தா போடாதீங்க. 200க்கு மேல இருந்தாலும் பழைய 2 யூனிட் கிடையாது. இப்படி இறங்கின பூனைக்கு வழக்கமா கால்வாசியிலிருந்து பாதி வரை குறைப்பாங்க, எவ்வளவுன்னு உங்க டாக்டர் சொல்லட்டும். அவரைப் பிடிக்க முடியலேன்னா இன்னைக்கு ராத்திரி ஊசியை விட்டுடுங்க. நல்லாச் சாப்பிடுற பூனைக்கு ஒரு வேளை ஊசி தவறினா சர்க்கரை 300, 400ன்னு நிக்கும், உயிருக்கு ஒண்ணும் ஆகாது. இறங்கிப் போற சர்க்கரை அப்படி இல்ல. மூளைக்குக் குளுக்கோஸ் போகலேன்னா வலிப்பு வரும், கவனிக்காம விட்டா உயிரே போயிரும்.

அடுத்த தடவைக்கு: முதல்ல ஆளைப் பாருங்க, அப்புறம் மீட்டரைப் பாருங்க. திடீர்னு பேய்ப்பசி, இல்லேன்னா கட்டிலுக்கு அடியில போய் ஒளியுறது, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வெறிச்ச பார்வை, பகல் வெளிச்சத்துலயும் விரிஞ்ச கண்மணி, காதும் மீசையும் துடிக்கிறது, குடிச்ச மாதிரித் தள்ளாடுறது. இதுல ஒண்ணு இருந்தாலே, ஸ்ட்ரிப் தேடி நேரத்தைப் போக்காம சர்க்கரையைக் கொடுங்க. தேவையில்லாம கொடுத்துட்டா ஒருநாள் சர்க்கரை ஏறும், அதைச் சரி பண்ணிக்கலாம்.

எண் 50க்குக் கீழ, ஆனா பூனை தெளிவா இருக்குன்னா உங்க மாதிரிச் சாப்பாடு வைக்கிறதுதான் முறை. குழைஞ்ச சோறு, மீன் தண்ணி, அதோட அரை டீஸ்பூன் குளுக்கோஸ். 15 நிமிஷத்துல மறுபடி பாருங்க.

தள்ளாடுது, ஆனா விழுங்குதுன்னா: சாதா குளுக்கோஸ் பொடி ஒரு டீஸ்பூன், அதே அளவு வெதுவெதுப்பான தண்ணி. உங்க பூனை எடைக்கு இது ஒரு தடவைக்குப் போதும். ஊசி கழட்டின சிரிஞ்சுல எடுத்து, கடைவாய்ப் பக்கம் உதட்டைத் தூக்கி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல அரை மில்லி விடுங்க. விழுங்கினப்புறம் அடுத்த அரை மில்லி. தலையை அண்ணாத்திப் பிடிக்காதீங்க. தெளிஞ்சதும் உடனே சாப்பாடு வைக்கணும், குளுக்கோஸ் மட்டும் கொடுத்து விட்டா அது சீக்கிரமே தீர்ந்துடும். 15 நிமிஷத்துல எண் ஏறலேன்னா இன்னொரு டீஸ்பூன் கொடுத்துட்டு வண்டியை எடுங்க.

வலிப்பு, இல்லேன்னா நினைவே இல்லன்னா வாய்க்குள்ள எதையும் ஊத்தக் கூடாது. நுரையீரலுக்குள்ள போயிரும். குளுக்கோஸ் பொடியைத் தண்ணி குறைச்சுப் பசை மாதிரிக் குழைச்சு, வெளி ஈறுல மட்டும் தடவுங்க. பல்லுக்கு நடுவுல விரல் போகக் கூடாது, அந்த நேரத்துல தாடை இறுகினா விரல் நம்மது இல்ல. ஈறு வழியா உறிஞ்சுறது கொஞ்சந்தான், அதனால தடவிட்டு வீட்டுல காத்திருக்காதீங்க. துண்டுல சுத்திப் பக்கவாட்டுல படுக்க வச்சுக் கிளம்புங்க. ஆஸ்பத்திரியில ரத்தக்குழாய் வழியா டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் ஏத்துவாங்க. ராத்திரியில எங்க யார் இருப்பாங்கன்னு பகல்லயே போன் போட்டுக் கேட்டு வச்சுக்கணும்.

பாளை_மருந்துக்கடை

மேல சொன்னதெல்லாம் சரி. காரணத்துக்கு வாரேன். சிரிஞ்சு மூடி என்ன நிறம்?

நம்ம ஊர்க் கடையில ரெண்டு இன்சுலின் சிரிஞ்சும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கும். சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற மருந்துக்கு, ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற மருந்துக்கு. கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட். அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சுல 2ங்கிற கோடு வரைக்கும் இழுத்தா உள்ள வாரது 0.05 மில்லி, அதாவது 5 யூனிட். ரெண்டரை மடங்கு. ‘இன்சுலின் சிரிஞ்சு’ன்னு மட்டும் கேட்டா எது கைக்கு வருதோ அதைக் கொடுத்துடுவாங்க, அதனால மூடி நிறத்தைச் சொல்லி வாங்குங்க. பூனைக்கு 0.3 மில்லி, அரை யூனிட் கோடு போட்டது கிடைச்சா ரொம்ப நல்லது. ஒரு மில்லி சிரிஞ்சுல 1 யூனிட்டுக்கும் ஒன்றரைக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது, புதுக் குப்பி திறந்தீங்களா? நம்ம சித்திரை வெயில்ல வெளியில இருந்த மருந்து வீரியம் குறைஞ்சிடும். சர்க்கரை இறங்கலியேன்னு அளவைக் கூட்டிக்கிட்டே போவோம். புதுக் குப்பி திறந்த அன்னைக்கு அதே அளவு முழு வீரியத்தோட இறக்கிடும். ஃப்ரிஜ் கதவுல வையுங்க, ஃப்ரீசர் பக்கம் வேண்டாம், உறைஞ்சா மருந்து வீண்.

ஊசியை வீட்டுல எத்தனை பேர் போடுறீங்கங்கிறதும் முக்கியம். ரெண்டு பேர்னா காலண்டர்த் தாள்ல போட்டவர் கையோட குறிச்சிடணும். முடியில வழிஞ்ச மாதிரி இருந்தாலும், உள்ள போச்சான்னு சந்தேகம் வந்தாலும் மறுபடி போடக் கூடாது. பூனைக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்து நிறுத்தியிருந்தாலும் இன்சுலின் தேவை குறையும்.

கரிசக்காட்டுப்பூனை

கருப்பட்டி விஷயம்: அவசரத்துக்கு அது சரிப்படாது. கருப்பட்டி, வெல்லம், சீனி எல்லாமே பெரும்பாலும் சுக்ரோஸ். குடல்ல பிரிஞ்சாத்தான் குளுக்கோஸ் வரும், அதுலயும் பாதிதான். அதைப் பிரிக்கிற நொதி பூனைக்குடல்ல குறைவு. தேன் பரவாயில்ல, அதுல குளுக்கோஸ் நேரடியாவே இருக்கு, ஈறுலயும் ஒட்டி நிக்கும். குளுக்கோஸ் பொடிதான் முதல். ஆரஞ்சு வாசனை போட்டதை வாங்காதீங்க, எலுமிச்சை ஆரஞ்சு வாடை பூனைக்கு ஆகாது, துப்பிரும். ஒண்ணுமே கையில இல்லேன்னா கருப்பட்டியைக் கரைச்சாவது கொடுங்க, சும்மா இருக்கிறதுக்கு அது மேல். சுகர்ஃப்ரீ பொடி எதையும் தொடாதீங்க, அது சர்க்கரையை ஏத்த உதவாது.

மனுஷ மீட்டர் பூனை ரத்தத்துல நிஜத்தைவிடக் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும். அதுக்காக 46ஐ ‘மீட்டர் கோளாறு’ன்னு தள்ளிடாதீங்க. நம்மளை ஏமாத்துற எண் மேல்பக்கம்தான் வரும்: குளுக்கோஸ் குழைச்ச கையோட காதைப் பிடிச்சா அந்தப் பிசுக்கு ரத்தத்துல கலந்து 200, 250ன்னு காட்டும், நாமளும் நிம்மதியா உக்காந்துடுவோம். கையையும் காதையும் ஈரத்துணியால துடைச்சுக் காய விட்டுக் குத்துங்க. காது ஓரத்து ரத்தக்குழாய்க்கும் விளிம்புக்கும் நடுவுல, பின்னால பஞ்சு வச்சு. முதல்ல வெந்நீர்த் துணி கொஞ்ச நேரம் ஒத்தடம். வாசலின் மெலிசாத் தடவினா ரத்தம் முடியில பரவாம முத்தா நிக்கும். எண்ணுக்குப் பதிலா மீட்டர் ‘Lo’ன்னு காட்டினா அது பெரும்பாலான மீட்டர்ல 20க்குக் கீழ.

தள்ளாட்டத்துல ஒரு குழப்பம் வரும். சர்க்கரை நோய் நாள்பட்ட பூனைங்க பின்னங்கால் குதி தரையில படுற மாதிரி நடக்கும். அது நரம்புத் தளர்ச்சி, வாரக்கணக்குல மெதுவா வாரது. ஊசி போட்ட சில மணி நேரத்துல திடீர்னு வாரதுதான் சர்க்கரை இறக்கம்.

அம்பை_பூனைவீடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூடி ஆரஞ்சுதான், 0.3 மில்லி. குப்பியும் பழசுதான், ஃப்ரிஜ்லதான் இருக்கு. ஊசி நான் ஒருத்திதான் போடுறேன். ஆனா போன மாசம் பால்சோறை நிறுத்திட்டு, அவிச்ச கோழியும் பாக்கெட்டுல வார ஈர உணவும்னு மாத்தினோம். 7 மணிக்கு 214. டாக்டர் போன்ல 1 யூனிட் போடச் சொன்னார், போட்டாச்சு.

தாமிரவருணிக்கரை

யக்கா, அதுதான் காரணம். சோறையும் பாலையும் எடுத்ததும் சர்க்கரையை ஏத்துற சரக்கே குறைஞ்சு போச்சு, இன்சுலின் மட்டும் பழைய அளவுல நின்னுட்டு. உணவு மாத்தம் நல்லதுதான், திரும்பப் பால்சோறுக்குப் போகாதீங்க. மாவுச்சத்து குறைஞ்ச சாப்பாட்டுல சில பூனைங்களுக்கு இன்சுலினே தேவைப்படாம போறதும் உண்டு, அதுக்கு முன்னால இப்படித்தான் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். அதனால இனி ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலயும், போட்ட 4லிருந்து 8 மணி நேரத்துக்குள்ள ஒரு தடவையும் பாருங்க. இன்னைக்கு ராத்திரின்னா 11 மணிக்கும் 3 மணிக்கும் அலாரம் வையுங்க.

இன்னொண்ணு. நாளைக்கோ மறுநாளோ 350ன்னு காட்டினா பதறி 2 யூனிட்டுக்குத் திரும்பாதீங்க. ரொம்ப இறங்கின பிறகு உடம்பே அட்ரீனலின், கார்ட்டிசால்னு சுரந்து சர்க்கரையை மேல தள்ளும், ரெண்டு மூணு நாள் அப்படி நிக்கலாம். எண்ணை, நேரத்தை, என்ன தின்னாங்கிறதை ஒரே தாள்ல எழுதி டாக்டருக்கு அனுப்புங்க. குளுக்கோஸ் டப்பா, ஊசி கழட்டின சிரிஞ்சு, ஒரு துண்டு மூணையும் பூனைக் கூண்டு மேலயே வச்சிடுங்க, அவசரத்துல அடுக்களைக்கும் அறைக்கும் ஓட வேண்டியிருக்காது.