சாயங்காலமானால் எதைக் கேட்டாலும் "சரி" சொல்லிவிடுகிறேன்

அம்பத்தூர்வாசி:
எஸ்டேட்டில் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் பிளானிங் பார்க்கிறேன். எட்டரைக்கு கேட் தாண்டும்போதே ஆரம்பித்துவிடும். "மேடம், இந்த லாட் போகலாமா?" "ரெண்டு பேருக்கு ஓ.டி. போடட்டுமா?" "லாரி சொல்லவா, குட்டி யானை போதுமா?" ஒவ்வொன்றும் அரை நிமிட வேலைதான். ஆனால் நாலு மணிக்கு மேல் கேள்வி காதில் விழுகிறது, மண்டையில் ஏறுவதில்லை.

போன வியாழன் ஐந்தே முக்காலுக்கு, மஞ்சள் டேக் (தரம் பார்த்து முடியும்வரை நிறுத்தி வை என்று அர்த்தம்) கட்டிய புஷ் என்கிற பாகத்தின் லாட்டுக்கு "சரி, ஏத்துங்க" என்றுவிட்டேன். டேக்கைப் பார்க்காமல் இல்லை. நூல் பிரிந்து ஃபேன் காற்றில் ஆடியது வரை ஞாபகம் இருக்கிறது. மறுநாள் ஒரகடத்து கஸ்டமரிடமிருந்து மொத்த லாட்டும் திரும்பி வந்தது. இதற்கு என்ன வழி?

வெயில்மனிதன்:
ரொம்ப நேரம் சாப்பிடாமல் இருக்காதீர்கள். 2011இல் இஸ்ரேலில் பரோல் தீர்ப்புகளை ஆராய்ந்தார்கள். இடைவேளை முடிந்ததும் சுமார் 65 சதவீதம் பேருக்குச் சாதகம், அடுத்த இடைவேளை நெருங்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம்.

கிண்டிக்காரன்:
அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். வக்கீல் இல்லாத கைதிகளின் வழக்குகள் பெரும்பாலும் இடைவேளைக்குச் சற்று முன்தான் வந்தன என்று அதே வருஷமே மறுப்பு வந்துவிட்டது. தவிர, அந்த நீதிபதிகள் களைப்பில் "முடியாது" என்றார்கள், நீங்கள் "சரி" என்கிறீர்கள். எது சுலபமோ அதில் போய் விழுகிறோம், அவ்வளவுதான். வடை சாப்பிட்டால் தீராது.

ரிட்டயர்டு ஃபோர்மேன்:
அம்மா, மஞ்சள் டேக் போட்ட லாட்டைப் பற்றி உங்களிடம் கேட்டதே தப்பு. க்யூ.சி. (தரச் சோதனை) கையெழுத்து இல்லாமல் அது நகரவே கூடாது. ஒரு மணி நேர ஓ.டி. வரைக்கும் ஷிஃப்ட்காரரே முடிவு செய்யட்டும். நாங்கள் இதையெல்லாம் ஸ்டோர்ஸ் கதவில் சாக்பீஸால் எழுதிப் போட்டிருந்தோம். முதலில் ஒரு நாள் வருகிற கேள்விகளைக் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள்.

அம்பத்தூர்வாசி:
ஜாப் கார்டின் பின்பக்கம் கோடு போட்டேன் ஐயா. 61. அதில் ஓ.டி.யும் வண்டியும் மட்டும் 38! மேனேஜரிடம் பேசி, நீங்கள் சொன்னபடி எழுதி ஒட்டியாயிற்று. டேக் லாட் எதுவும் இப்போது என்னிடம் வருவதில்லை. ஓ.டி. விஷயம்தான் இன்னும் இழுக்கிறது. நேற்றும் ஷிஃப்ட் தம்பி போன் பண்ணினான்: "மேடம், போர்டுல இருக்கறபடி செய்யலாமா?"