ஊஞ்சல் கொக்கியில் செயின் பிளாக் மாட்டி அம்பாசடர் எஞ்சினை இறக்கலாமா?

கேள்வி:
பழைய அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். பேரிங் சத்தம் வருவதால் எஞ்சினை இறக்க வேண்டும். கியர்பாக்ஸ் வண்டியிலேயே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். ஒரு டன் செயின் பிளாக் (சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) இருக்கிறது. போர்ட்டிகோ சீலிங்கில் ஊஞ்சல் கொக்கியும் இருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து ஆடினாலும் தாங்குகிறது. எஞ்சினைத் தாங்காதா?

பதில் 1:
தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஊஞ்சல் பாரம் இரண்டு அல்லது நாலு கொக்கிக்குப் பிரிகிறது, நீங்கள் ஒரே கொக்கியில் தொங்கவிடப் போகிறீர்கள். அந்தக் கொக்கியை ஸ்லாப் கம்பியோடு வளைத்துக் கட்டினார்களா, சும்மா கான்கிரீட்டில் புதைத்தார்களா என்பது கீழேயிருந்து தெரியாது. ஒரு டன் என்று எழுதியிருப்பது செயின் பிளாக்குக்குத்தான், சீலிங்குக்கு இல்லை. எஞ்சின் எடையை 200 கிலோ என்று கணக்கு வைத்து, ஹைட்ராலிக் எஞ்சின் கிரேனை வாடகைக்கு எடுங்கள். அதிலும் கிரேனின் கையை நீட்ட நீட்டத் தாங்கும் எடை குறையும்: 2 டன் கிரேன் கடைசி ஓட்டையில் பெரும்பாலும் 500 கிலோதான். கிரேன் கையிலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டு ஓட்டையில் பின்னைச் செருகுங்கள்.

பதில் 2:
கிரேன் கிடைக்காவிட்டால் கனமான பைப்பில் முக்காலி போடலாம். மூன்று கால்களின் அடியையும் சங்கிலியால் சுற்றிக் கட்டுங்கள், இல்லையென்றால் சிமென்ட் தரையில் கால் வழுக்கி விரியும். பாரம் தொங்கும்போது முக்காலியை நகர்த்தக் கூடாது; வண்டியைத்தான் பின்னால் தள்ள வேண்டும்.

எப்படியும் ஹெட்டைக் (எஞ்சினின் மேல்மூடி) கழற்றப் போவதால், அதைப் பிடித்திருக்கும் ஹெட் ஸ்டட்டிலேயே (மரை போட்ட கம்பி) 6 மி.மீ. தகடு போட்டுத் தூக்கலாம்: முன்னால் ஒன்று, பின்னால் எதிர்ப்பக்கம் ஒன்று. நட்டு முழுசாக ஏறி ஒரு மரையாவது வெளியே தெரியாவிட்டால் அந்த ஸ்டட் வேண்டாம். இந்த எஞ்சினில் இஞ்ச் மரை. மெட்ரிக் நட்டைத் திணித்தால் மரை போய்விடும். கார்புரேட்டரிலோ மேனிஃபோல்டிலோ சங்கிலி படவே கூடாது.

இரண்டு தகட்டிலும் மாட்டும் சங்கிலி குட்டையாக இருந்தால் அதன்மேல் பாரம் ஏறும். கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நின்றால் சங்கிலியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 115 கிலோ. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் முழு 200.

கேட்டவர்:
நன்றி அண்ணே. கியர்பாக்ஸ் முன்பக்கத்துக்கு அடியில் ஜாக் வைத்தால் போதுமா?

பதில் 2:
அங்கேதான் பலரும் கிளட்ச் தட்டைக் கோணலாக்குகிறார்கள். எஞ்சின் பாரம் குறையக் குறைய முன் சஸ்பென்ஷன் விரிந்து வண்டி மேலே ஏறும், தரையில் நிற்கும் ஜாக் கூட வராது. வண்டியைத் தள்ளவும் ஜாக் இடைஞ்சல். ஃபயர்வால் (எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு) ஓரமாகக் குறுக்கே ஒரு பைப் போட்டு, பெல் ஹவுசிங்கை (எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸ் முன்கூடு) வண்டியிலேயே தொங்கவிடுங்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் (பல் வெட்டிய முனை) கிளட்ச் தட்டிலிருந்து முழுசாக வெளியே வரும்வரை எஞ்சின் நேராக முன்னால்தான் வர வேண்டும், மேலே தூக்காதீர்கள்.

சங்கிலி விறைப்பான பிறகே மவுண்டிங் போல்ட்டைக் கழற்றுங்கள். இரண்டு சென்டிமீட்டர் தூக்கி நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். மறந்துபோவது எப்போதும் எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டைதான்.

கேட்டவர்:
மவுண்டிங் விட்டுவிட்டது. ஆனால் பெல் ஹவுசிங் பக்கம் மேலே விரல் நுழைகிறது, கீழே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பதில் 1:
நிறுத்துங்கள், இன்னும் இழுக்காதீர்கள். கீழ்ப்பக்கத்தில் ஏதோ ஒரு போல்ட் இருக்கிறது, கண்ணாடி வைத்துப் பாருங்கள். எல்லாம் கழன்றிருந்தால் கோணம்தான் காரணம். எஞ்சினின் முன்பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றி, இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக வரும்வரை சரிசெய்து ஆட்டிப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்ப வேண்டாம்.

கேட்டவர்:
ஸ்டார்ட்டருக்குக் கீழே ஒரு போல்ட் கிரீஸில் மறைந்திருந்தது. வந்துவிட்டது.

பதில் 2:
சரி, தொங்கவிட்டபடியே வேலை செய்யாதீர்கள். தரையில் வைக்கும்போது பாரம் சம்ப்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) உட்காரக் கூடாது. அது வெறும் தகரம், உள்ளே நெளிந்தால் ஆயில் உறிஞ்சும் வழி அடைபடும். எஞ்சின் பிளாக்கின் இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள்.