கறுப்பர் என்றால் எல்லாரும் ஒரே ஊரா?

கிழக்குக்கரை:
நம் கருத்துக்களத்தின் தேர்தல் திரியில் ஒருவர் "நியூயார்க் கறுப்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் யோசிப்பார்கள்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே பதில் எழுதினால் திரி திசைமாறும், அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

நான் இருப்பது புரூக்ளினில், ஃபிளாட்புஷ் பக்கம். 11 வருடமாக ஒரே கட்டடம். சனிக்கிழமை காலை கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறைக்கு வந்து பாருங்கள். ஹெய்ட்டிக்காரப் பெண்மணி ஒருவர், முதியோர் இல்லத்தில் வேலை, போனில் ஓயாமல் கிரியோல் மொழி. டிரினிடாட்காரர் ஒருவர், சப்வே ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். கினியாவிலிருந்து வந்த டாக்சிக்காரர் வீட்டில் பேசுவது ஃபுலா, கோபம் வந்தால் பிரெஞ்சு. அப்புறம் சவுத் கரோலினாவில் பிறந்த ஒரு பாட்டியம்மா. நாலு பேரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'கறுப்பர்' என்ற ஒரே கட்டத்தில் டிக் அடிப்பவர்கள்.

டிரினிடாட்காரர் சீட்டுப் பிடிக்கிறார். ஆமாம், நம்ம ஊர்ச் சீட்டேதான். அவர்கள் 'சூசூ' என்கிறார்கள். 12 பேர், மாதம் 200 டாலர். ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது, முறை வந்தவருக்கு 2,400 டாலர் முழுசாகப் போகும். அந்த முறைக்குப் பெயர் 'கை'. "எனக்கு மார்ச்சில் கை" என்பார்கள். ஜமைக்காக்காரர் இதையே 'பார்ட்னர்' என்பார், ஹெய்ட்டிக்காரர் 'சோல்', எத்தியோப்பியர் 'எக்குப்'.

1980இல் அமெரிக்கக் கறுப்பர்களில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் 3 சதவீதம். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2019இல் பத்தில் ஒருவர், அதாவது 46 லட்சம் பேர். பிள்ளைகளையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். இதற்குப் பிறகும் 'கறுப்பர் சமூகம்' என்று ஒருமையில் எழுதுவது சோம்பேறித்தனம் என்பது என் கட்சி.

தெற்குவாசல்:
கிழக்குக்கரை, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பதிவையே திரும்பப் படியுங்கள். மூன்று பேருக்கு வேலை உண்டு, மொழி உண்டு. நாலாவதாக வந்த பாட்டியம்மாவுக்குப் பிறந்த ஊர் மட்டும்தான். பன்மை என்றால் கப்பலிலோ விமானத்திலோ நேற்று வந்ததாக இருக்க வேண்டுமா?

நான் சிகாகோவின் தென்பகுதியில் இருக்கிறேன். 1910 முதல் 1970 வரை ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பர்கள் தெற்கிலிருந்து வடக்கேயும் மேற்கேயும் குடிபெயர்ந்தார்கள். யார் எங்கே போவது என்பதைப் பெரும்பாலும் ரயில் பாதைதான் முடிவு செய்தது. மிசிசிப்பிக்காரர்கள் சிகாகோவுக்கு, கரோலினாக்காரர்கள் உங்கள் நியூயார்க்குக்கு. நியூ ஆர்லியன்ஸில் தங்களைக் கிரியோல் என்று சொல்லிக்கொள்ளும் பழைய குடும்பங்கள் தனி ரகம், கத்தோலிக்கர்கள், பிரெஞ்சுப் பெயர்கள். கரோலினா கடற்கரைத் தீவுகளில் குல்லா என்று தனி மொழியே இருக்கிறது. உங்கள் பாட்டியம்மா அந்தப் பக்கமா என்று கேட்டீர்களா?

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். 1997இல் உங்கள் ஃபிளாட்புஷ்ஷிலேயே அப்னர் லூயிமாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் வைத்துச் சித்திரவதை செய்தது. அவர் ஹெய்ட்டிக்காரர். 1999இல் பிராங்க்ஸில் அமாடு டியாலோ தன் வீட்டு வாசலில் நின்றபோது 41 குண்டுகள் சுட்டார்கள். அவர் கினியாக்காரர். நீங்கள் எந்த நாடு என்று துப்பாக்கி கேட்கவில்லையே. அந்த ஒரே கட்டத்தை அவர்களா வரைந்துகொண்டார்கள்?

கடைசியாக ஒன்று. அந்தச் சீட்டில் பாட்டியம்மா இருக்கிறாரா?

கிழக்குக்கரை:
பாட்டியம்மா விஷயத்தில் குட்டு பலமாக விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். சீட்டில் இருக்கிறாரா என்று தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்.

ஆனால் போலீஸ் வாதம் எனக்குப் புரியவில்லை. போலீஸ்காரன் கண்ணுக்கு எல்லாரும் ஒன்று. சரி. எழுத உட்காரும் நமக்கு எதற்கு அந்தக் கண்? அடி கூட எப்போதும் பொதுவாக விழுவதில்லை. 1990இல் எய்ட்ஸ் பயத்தில் ஹெய்ட்டிக்காரர்கள் ரத்ததானம் செய்யக்கூடாது என்று மத்திய அரசு நிறுவனம் விதி போட்டது. ஏப்ரல் 20ஆம் தேதி பல்லாயிரம் பேர் புரூக்ளின் பாலத்தில் ஊர்வலம் போனார்கள். விதி பின்னால் கைவிடப்பட்டது. ஹெய்ட்டி என்ற பெயருக்கு விழுந்த அடி அது. 'கறுப்பர்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த அடி வெளியே தெரிந்திருக்காது.

மல்லி:
நான் வாஷிங்டன் பக்கம், சில்வர் ஸ்பிரிங். நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும்.

இந்த ஊரில் எத்தியோப்பியர்கள் அதிகம். 1974 புரட்சிக்குப் பிறகு வரத் தொடங்கியவர்கள். வாரம் ஒருமுறையாவது எங்கள் வீட்டில் இஞ்செரா. டெஃப் என்ற சிறுதானிய மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து எடுப்பார்கள். ஆப்பத்துக்கும் ரவா தோசைக்கும் நடுவில் ஒரு உறவுக்காரி. முதல் தடவை சாப்பிட்டபோது என் மாமியார் "மாவு கொஞ்சம் அதிகமாப் புளிச்சுட்டுது" என்றார். அது இருக்கட்டும்.

2005இல் வாஷிங்டனின் யூ தெரு பக்கம் ஒன்பதாம் தெருவில் கடை வைத்திருந்த எத்தியோப்பியர்கள், அந்த இடத்துக்குக் 'குட்டி எத்தியோப்பியா' என்று அதிகாரபூர்வமாகப் பெயர் வைக்கக் கேட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஃபேர்ஃபாக்ஸ் சாலையில் 2002இல் அப்படி ஒரு பெயர் கிடைத்திருந்தது. இங்கே எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் வெள்ளையர்கள் இல்லை, அந்தப் பகுதியின் பழைய கறுப்பர்கள். அவர்களுக்கு அது 'கறுப்பு பிராட்வே', ஜாஸ் இசைமேதை டியூக் எலிங்டன் வளர்ந்த இடம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968இல் கலவரத்தில் எரிந்தது. அப்புறம் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்டார்கள், நிலையம் திறக்க 1991 ஆனது. பாழடைந்து வாடகை மலிந்த கட்டடங்களில்தான் எத்தியோப்பியர்கள் கடை திறந்து தெருவுக்கு உயிர் கொடுத்தார்கள்.

கிழக்குக்கரை அண்ணன் இதைக் கேட்டால் 'பார், பன்மை' என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழையவர்கள் எதிர்த்தது சரி என்பேன். இஞ்செரா சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறேன். நாற்பது ஐம்பது வருடம் அந்தத் தெருவில் பட்டவர்களைத் தாண்டி, வந்தவர்களின் பெயர் பலகையில் ஏறினால் மனசு ஆறுமா? பன்மை என்று ஆரம்பித்துச் சாப்பாட்டுக் கடைப் பட்டியலில் முடித்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

எண்ணெய்க்கிணறு:
எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். ஹூஸ்டனுக்கு வாருங்கள். தென்மேற்குப் பக்கம் நைஜீரியர்கள் எவ்வளவு பேர்! என் பிள்ளையின் டாக்டர் நைஜீரியர், அலுவலகத்தில் என் மேலாளர் நைஜீரியர். நைஜீரியாவிலிருந்து வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டதாரிகள், அமெரிக்கச் சராசரியைவிட அதிகம். அதே தோல் நிறம்தானே? அப்படியானால் வித்தியாசம் எங்கே? வளர்ப்பில், கலாச்சாரத்தில். இதைச் சொன்னால் கோபம் வருகிறது.

தெற்குவாசல்:
வரத்தான் செய்யும். வித்தியாசம் கலாச்சாரத்தில் இல்லை, வாசலில் இருக்கிறது. நைஜீரியாவின் லாகோஸிலிருந்து அமெரிக்கா வர விசா வேண்டும், விசாவுக்குப் பெரும்பாலும் படிப்போ பணமோ வேண்டும். வடிகட்டி அனுப்பிய தண்ணீரைப் பார்த்து ஆறே தெளிவு என்கிறீர்கள். அதே ஆப்பிரிக்காவிலிருந்து மினியாபொலிஸுக்கு வந்த சோமாலியர்களைப் பாருங்கள். உள்நாட்டுப் போரில் வீடிழந்து, கென்யாவில் தடாப் முகாமில் வருடக்கணக்கில் கிடந்து, அகதிகளாக வந்தவர்கள். அவர்கள் முதலில் எத்தனையோ பேர் இறைச்சி ஆலைக்குத்தான் போனார்கள். அவர்கள் வளர்ப்பு மட்டமா?

நம்மைப் பற்றியும் இதே கதையைத்தான் சொல்லிக் குளிர்காய்கிறோம். எச்1பி என்பதும் ஒரு வடிகட்டிதான். அதற்கு முன்னால் 1965 குடியேற்றச் சட்டம். நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய அந்தச் சட்டம் கறுப்பர்களின் சிவில் உரிமைப் போராட்டத்தின் அலையில் வந்தது. தெருவில் அடி வாங்கியவர்கள் உங்கள் கலாச்சாரக் கணக்கில் தோற்றவர்களாக வரும் அதே தெற்கத்திக் கறுப்பர்கள். நைஜீரிய டாக்டர் வந்ததும் நீங்கள் வந்ததும் அவர்கள் தள்ளித் திறந்த கதவு வழியாகத்தான்.

பனிக்காடு:
மினியாபொலிஸ் பேச்சு வந்ததால் ஒரு சின்னக் குறிப்பு. என் மகளின் தோழி சோமாலிப் பெண், சீடர்-ரிவர்சைடு அடுக்குமாடியில் வீடு. அவள் அப்பா தன்னைக் கறுப்பர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சோமாலி, முஸ்லிம், இந்த இரண்டுதான். அந்தப் பெண்ணோ 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட வாரம் முழுக்கத் தெருவில் இருந்தாள். ஒரே வீட்டுக்குள் இரண்டு பதில்.

கிழக்குக்கரை:
எண்ணெய்க்கிணறுக்கு எதிராக நானும் தெற்குவாசல் பக்கம்தான். ஆனால் அந்தப் பதிலே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. 2004இல் ஹார்வர்டின் இரண்டு கறுப்பினப் பேராசிரியர்களே பேச்சைக் கிளப்பினார்கள்: அங்கே படிக்கும் கறுப்பின மாணவர்களில் பாதிக்கும் மேல், மூன்றில் இரண்டு பங்குகூட இருக்கலாம், கரீபிய, ஆப்பிரிக்கக் குடியேறிகளின் பிள்ளைகள் அல்லது கலப்பு மணப் பிள்ளைகள் என்று. அடிமைகளின் பேரப்பிள்ளைகளை நினைத்து 2023 வரை கொடுத்துவந்த சேர்க்கைச் சலுகை யாருக்குப் போனது? பிரித்து எண்ணாவிட்டால் தெரியவே தெரியாது. அதனால்தான் அடிமைமுறைக்கு இழப்பீடு பற்றி ஆராய்ந்த கலிஃபோர்னியாவின் குழு 2022இல் நிறத்தை விட்டுவிட்டு வம்சாவளியைப் பிடித்துக்கொண்டது. அதுவும் 5க்கு 4 என்று.

தெற்குவாசல்:
அந்த நாலு பேர் பக்கம் நான். வம்சாவளிக்கு அத்தாட்சி கேட்பீர்கள், சரி, எங்கிருந்து வரும்? 1850, 1860 கணக்கெடுப்பில் அடிமைகளுக்கு அநேகமாகப் பெயரே எழுதவில்லை. முதலாளி பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். எல்லாருக்கும் பெயர் வந்தது 1870இல்.

அப்புறம், ரத்தத்தைக் கோடு போட்டுப் பிரிக்க முடியுமா? 1972இல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்டுப் பார்த்த ஷெர்லி சிஸோம் உங்கள் புரூக்ளின்காரர். அப்பா கயானா, அம்மா பார்படோஸ். மால்கம் எக்ஸின் அம்மா கிரெனடா. 'கறுப்பு அதிகாரம்' என்று முழங்கிய ஸ்டோக்லி கார்மைக்கேல் பிறந்தது டிரினிடாட். இவர்களை எந்த வரிசையில் நிறுத்துவீர்கள்?

கிழக்குக்கரை:
இழப்பீட்டு வரிசையில் நிறுத்த மாட்டேன். வரலாற்று வரிசையில் முன்னால் நிறுத்துவேன். இரண்டும் ஒரே வரிசை இல்லையே.

மட்டுறுத்துனர்:
கமலா ஹாரிஸ் கறுப்பரா தமிழரா என்று வந்த ஆறு பதிவுகளைத் தூக்கிவிட்டேன். அதற்கு ஏற்கெனவே 40 பக்கத் திரி இருக்கிறது. அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்துப் படம் அங்கே வேண்டிய அளவு கிடக்கிறது.

தெற்குவாசல்:
சீட்டைப் பற்றி நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது, கிழக்குக்கரை.

கிழக்குக்கரை:
மறக்கவில்லை. சனிக்கிழமை வரட்டும் என்று இருந்தேன். இன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

இல்லை, சீட்டில் பாட்டியம்மா இல்லை. 12 பேரில் ஏழு பேர் டிரினிடாட், மூன்று பேர் கிரெனடா, ஒருவர் ஹெய்ட்டி, ஒருவர் கயானா. பாட்டியம்மாவின் ஊர் ஆரஞ்ச்பர்க்காம், கடற்கரை இல்லை, குல்லாவும் இல்லை. தெற்குவாசல் குறித்துக்கொள்ளவும். டிரினிடாட்காரரிடம் ஏன் அவரைச் சேர்க்கவில்லை என்றேன். "அவர் கேட்டதே இல்லையே. அடுத்த சுற்றில் தாராளமாக வரட்டும். புதிதாக வருபவர் யாராக இருந்தாலும் முதல் சுற்றில் கடைசிக் கைதான், அது வழக்கம்" என்றார்.

பாட்டியம்மா டிரையர் பக்கத்தில் உட்கார்ந்து படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். விரிப்பின் மூலையை விடாமல் என்னைப் பார்த்தார்.

"கடைசிக் கையா? நான் இந்தக் கட்டடத்துக்கு வந்தது 1971இல்."