மறு: அடிபட்டு ஓடிய மானைத் தேடும் நாய்ப் பயிற்சி – தமிழில் என்ன சொல்லலாம்?

விவேக் நகர், செவ்வாய் இரவு

பெங்களூரு நண்பர்களுக்கு வணக்கம். ஸ்வீடன் காடுகளில் நடக்கும் வேட்டையைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழ் வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி காலை குரல் பதிவு. அங்கே மூஸ் என்னும் பெரிய மானைச் சுட்டு, அது சாகாமல் ஓடிவிட்டால், தடம் பிடிக்கப் பழகிய நாய் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வந்தாக வேண்டும், சட்டமே அப்படி. அந்த நாயைப் பழக்குவதுதான் படத்தில் பாதி. ஆங்கிலப் பிரதியில் ‘ட்ராக்கிங் அண்ட் ரெகவரி’. நான் ‘தடமறிந்து மீட்டல்’ என்று எழுதி அனுப்பினேன். தயாரிப்பாளர் தரப்பிலிருந்து வந்த முதல் கேள்வி: “நாய் மானைக் காப்பாத்திடுதா மேடம்?” கை கொடுங்கள்.

மல்லேசுவரம், புதன் காலை

மீட்டல் பொருந்தாதுதான் அம்மா. மீட்பு நாய் என்றால் நிலநடுக்க இடிபாட்டில் ஆள் தேடும் நாய். என் பரிந்துரை: ‘தடந்தேர்தல்’. தேர்தல் என்றால் ஆராய்ந்து தேடுதல். ‘இரைதேர்’ சங்க வழக்கு, புதிதாக ஒன்றும் செய்யவில்லை. நாய் ‘தடந்தேர் நாய்’. ‘நாய்க்குட்டி’ என்று எங்காவது எழுதியிருந்தால் ‘குருளை’ ஆக்கிவிடுங்கள். தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் அந்தப் பெயரைத்தான் தருகிறது.

அல்சூர், புதன் காலை

ஐயா, நீங்கள் சொல்வது இலக்கணப்படி சரி. ஆனால் தொலைக்காட்சியில் ‘தடந்தேர்தல்’ என்று ஒரு குரல் சொன்னால் கேட்கிறவருக்கு ஓட்டுப் பெட்டியும் சின்னமும்தான் கண்முன் வரும். ‘தடந்தேர் நாய்’ என்றால் தேர் இழுக்கிற நாயோ என்பார்கள். என் வீட்டில் சொல்லிப் பார்த்தேன், பையன் அதைத்தான் கேட்டான்.

ஜாலஹள்ளி, புதன் மதியம்

நான் ராணுவத்தில் நாய் பார்த்தவன். சொல்லுக்கு முன்னால் வேலை என்னவென்று பாருங்கள்.

ஜெர்மனியில் இதற்குத் தனித் தேர்வே உண்டு. கால் லிட்டர் இரத்தத்தைக் காட்டுக்குள் 1000 மீட்டருக்குக் குறையாத தூரத்துக்குச் சொட்டுச் சொட்டாகத் தெளிப்பார்கள். 20 மணி நேரம் கழித்து, சில தேர்வுகளில் 40 மணி நேரம் கழித்து, நீளமான வாரில் கட்டி நாயை விடுவார்கள். இன்னொரு வகையில் பழக்குபவர் தன் காலணிக்கு அடியில் மான் குளம்பைப் பொருத்திக்கொண்டு நடப்பார். நாய் இரத்தத்தை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை. குளம்பிடுக்குச் சுரப்பியின் வாடை, மிதிபட்ட புல்லின் வாடை எல்லாம் அதற்குச் சேர்ந்துதான் ஒரு தடம். மூக்கைத் தரையோடு வைத்துப் போகும். அவசரப்படும் நாய் திருப்பத்தில் தாண்டிப் போய்விடும். நிதானமாகப் போவதற்குத்தான் பயிற்சி. முடிவில் மான் தோல் கிடக்கும், அதோடு விளையாட விடுவதுதான் கூலி.

இப்போது ‘ரெகவரி’க்கு வருகிறேன். 400 கிலோ மூஸை எந்த நாய் கவ்வி வரும்? செத்த மானைக் கண்டதும் பக்கத்திலேயே நின்று குரைக்கும் நாய் ஒரு வகை. கழுத்துப் பட்டையில் தொங்கும் சிறு தோல் துண்டை வாயில் கவ்விக்கொண்டு திரும்பி வந்து, ‘கண்டுவிட்டேன், வா’ என்று அழைத்துப் போகும் நாய் இன்னொரு வகை. சுட்டு விழுந்த வாத்தைப் பல் படாமல் எடுத்து வரும் லாப்ரடார் வேலை முற்றிலும் வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் குழப்பம்தான்.

மல்லேசுவரம், புதன் மாலை

அருமையான விளக்கம். அப்படியானால் வாத்து எடுத்து வருவது ‘கொணர்நாய்’. மானுக்குக் ‘குருதித்தடந்தேர் நாய்’. மோப்பம் பற்றியும் ஒன்று. மோ என்ற வேரிலிருந்து மோத்தல், மோப்பம். “மோப்பக் குழையும் அனிச்சம்” நாம் அறிந்ததே. மூக்கு, முகர், முகம் எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் நெடுநாள் கருத்து. முகம் என்பதே மூக்கை வைத்து வந்த பெயர். கன்னடத்து மூகு, தெலுங்கு முக்கு இவற்றையும் சேர்த்துப் பார்த்தால்

(மீதி அடுத்த மடலில்.)

அல்சூர், புதன் இரவு

அப்படியென்றால் கோல்டன் ரிட்ரீவர் ‘பொன்கொணர் நாய்’ ஆகுமா? ஆகுமென்றால் தங்கம் விற்கிற விலைக்கு எனக்கு இரண்டு வேண்டும்.

கோரமங்களா, வியாழன் காலை

வேட்டையே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே தடை. இதற்கு எதற்குக் கலைச்சொல்? அப்புறம், மூஸுக்குக் ‘கடமான்’ என்று யாராவது எழுதிவிடப் போகிறார்கள். கடமான் நம்மூர் சாம்பர். திருநெல்வேலிப் பக்கம் மிளா, இங்கே பந்திப்பூர்க்காரர்கள் கடவெ என்பார்கள்.

ஜாலஹள்ளி, வியாழன் காலை

வேட்டை தடைதான். ஆனால் திருட்டு வேட்டைக்காரனைத் தேடி வனத்துறையும் நாய்களை வைத்திருக்கிறது. தடம் இரண்டுக்கும் பொதுதானே, சொல் அங்கேயும் உதவும். எங்கள் காலத்தில் ‘ட்ராக்கர் டாக்’ என்றோம், யாருக்கும் புரியாமல் போகவில்லை. ஊரில் கேட்டால் ‘தடம் பிடிக்கிற நாய்’ என்பார்கள். அதுவே போதும்.

விவேக் நகர், வியாழன் இரவு

நேரமில்லை, முடிவுக்கு வருகிறேன். வினையாக வரும் இடத்தில் ‘தடம் பிடித்துக் கண்டெடுத்தல்’, பெயராகத் ‘தடம்பிடிப்பு’. வாத்துக் காட்சியில் ‘கவ்வி வருதல்’. ‘புண்பட்ட மான்’ என்று முதலில் எழுதியிருந்தேன். யாரோ திட்டி மனம் நொந்த மான் போலக் கேட்டது, ‘அடிபட்ட மான்’ ஆக்கிவிட்டேன். மூஸ் மூஸாகவே இருக்கட்டும். ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று. கோரமங்களா நண்பர் இன்னும் கடமானிலேயே இருக்கிறார்.

மல்லேசுவரம், வெள்ளி, குரல் பதிவு முடிந்த பிறகு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். ‘பிடிப்பு’ என்றதும் எனக்கு இடுப்புப் பிடிப்புதான் நினைவுக்கு வருகிறது. ‘தடம்பிடிப்பு நாய்’ என்று எழுதுவதும் வேண்டாம். ‘தடம்பிடி நாய்’ என்று வினைத்தொகையாக எழுதினால் இரண்டு எழுத்தும் மிச்சம்.