பழைய மைக்ரோபிராசசர் கிட், டெர்மினல்: விற்கும் முன் எதைச் சோதிப்பது, எப்படி மதிப்பிடுவது?

ஆய்வகச்சாவி (கேள்வி)

வணக்கம். ஓர் ஆய்வகத்தின் பழைய இருப்பைக் கழிக்க வேண்டியிருக்கிறது. கையில் இருக்கும் மைக்ரோபிராசசர் பயிற்சிப் பலகைகள்: இன்டெல் எஸ்டிகே-85 மூன்று (ஒன்றில் மானிட்டர் சிப்புக்கு, அதாவது பலகையை இயக்கும் அடிப்படை நிரல் உள்ள சிப்புக்கு, கண்ணாடி ஜன்னல் உண்டு, மற்ற இரண்டில் இல்லை), கிம்-1 ஒன்று, மைக்ரோ-புரொஃபசர் எம்பிஎஃப்-1 ஒன்று. கம்ப்யூட்டரோடு இணைக்கும் திரை-கீபோர்டு டெர்மினல்கள்: டெக் விடி100 இரண்டு (ஒன்றுக்குக் கீபோர்டு இல்லை), லியர் சீக்லர் ஏடிஎம்-3ஏ ஒன்று.

ஒரே கிம்-1-க்கு இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை இன்னொருவர் கேட்பதைப் போல ஐந்து மடங்கு இருக்கிறது. எதை நம்புவது? கிம்-1-க்கு மட்டும் 5 வோல்ட் கொடுத்துப் பார்த்தோம், டிஸ்ப்ளே எரியவில்லை. "டெட்" என்று போட்டே விற்றுவிடலாமா? பலகையாக விற்பதைவிட சிப்களைக் கழற்றித் தனித்தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்றும் ஒருவர் சொல்கிறார். மற்ற எதற்கும் இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை.

எண்பத்தைந்து

கரண்ட் கொடுக்காமல் வைத்திருந்தது நல்லது. கிம்-1-ஐ "டெட்" என்று எழுதிவிடாதீர்கள். 'டெட்' என்று விற்பனைக்கு வருகிற கிம்-1 சிலவற்றுக்கு வியாதியே இல்லை, வயரிங்தான் குறை.

அப்ளிகேஷன் கனெக்டரில் மூன்று இணைப்பு வேண்டும். ஏ-1 கிரவுண்டு, ஏ-ஏ பிளஸ் 5 வோல்ட். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்: ஏ-கே பின்னையும் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். அது அட்ரஸ் டீகோடரை இயக்கும் கோடு, தொங்கலாக விட்டால் பலகை பிணம் மாதிரிதான் கிடக்கும். எல்லாம் கொடுத்த பிறகும் டிஸ்ப்ளே தானாக எரியாது, ஆர்எஸ் விசையை ஒரு முறை அழுத்தணும். 12 வோல்ட் கேசட் பகுதிக்கு மட்டும்தான், சோதனைக்கு வேண்டாம்.

எல்லாக் கிட்டுக்கும் பொதுவான ஒழுங்கு இது. பலகையோடு வந்த பழைய பவர் சப்ளையை முதலில் நம்ப வேண்டாம். அதைத் தனியாக ஒரு லோடு ரெசிஸ்டரோடு ஓட்டி அளந்து பாருங்கள், 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் நிற்கணும். ரெகுலேட்டர் ஷார்ட் ஆகிக் கிடந்தால் ஒரே நொடியில் பலகை முழுக்கக் காலி. கரண்ட் லிமிட் உள்ள, 2 ஆம்பியர் தரும் பெஞ்ச் சப்ளை இருந்தால் அதுவே போதும். கொடுப்பதற்கு முன் மீட்டரை ஓம்ஸில் வைத்து 5 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பாருங்கள். ஒரு ஓமுக்கும் கீழே காட்டினால் பெரும்பாலும் டாண்டலம் கெபாசிட்டர் ஒன்று ஷார்ட். நிக்கல்-காட்மியம் பேட்டரி எங்காவது இருந்தால் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே வெட்டி எடுத்துவிடுங்கள். பச்சைப் பூஞ்சை மாதிரி கசிவு தடங்களை அரித்துக்கொண்டே போகும்.

எஸ்டிகே-85-க்கு 5 வோல்ட் மட்டும் போதும், டெலிடைப் இணைப்புக்குத்தான் மைனஸ் 10 வேண்டும். ரீசெட் அழுத்தினால் "- 80 85" என்று வரணும். வந்ததோடு நிறுத்தாதீர்கள், ராமையும் ஓட்டிப் பாருங்கள். சப்ஸ்ட் மெம் அழுத்தி 2000, நெக்ஸ்ட். பிறகு 3இ, 12, சி6, 34, சிஎஃப் என ஐந்து பைட், ஒவ்வொன்றுக்கும் பின் நெக்ஸ்ட். எக்ஸெக் அழுத்தி முடித்துவிட்டு கோ, 2000, எக்ஸெக். எக்ஸாம் ரெஜ் அழுத்தி ஏ ரெஜிஸ்டரைக் கேட்டால் 46 காட்டணும். இதை 20 நொடி வீடியோவாக எடுத்துப் போட்டால் பத்து வரி விளக்கத்தைவிட மேல்.

டிஸ்ப்ளே வராவிட்டால் சிப் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் சாக்கெட்தான். ஒவ்வொரு சிப்பாகக் கொஞ்சம் தூக்கி மறுபடி அழுத்துங்கள், கறுத்த காலை மட்டும் நார் பிரஷ்ஷால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

எம்பிஎஃப்-1 போட்டவுடன் "யூபிஎஃப்--1" என்ற தோற்றத்தில் எழுத்து நகர்ந்து வரும். வந்தால் நல்ல உயிர்.

வெள்ளைமேல்தங்கம்

விலை பற்றி. கேட்கும் விலையை ஒதுக்குங்கள். மூன்று வருடமாக விற்காமல் தொங்கும் பொருளுக்கும் அங்கே விலை போட்டிருக்கும். ஏலத் தளத்தில் "விற்று முடிந்தவை" என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். அதிலும் ஒரே ஒரு பெரிய விற்பனையைப் பிடித்துக்கொள்ளாமல் நான்கைந்தை எடுத்து, உங்களுடையது எந்தப் பலகையோடு ஒக்கும் என்று படத்தோடு படம் ஒப்பிடுங்கள். ஐந்து மடங்கு வித்தியாசம் அங்கேதான் விளங்கும்.

கிம்-1-இல் முதலில் பலகையில் அச்சான முத்திரை. மாஸ் டெக்னாலஜி மட்டும் இருந்தால் முந்தியது, காமடோர் முத்திரை இருந்தால் பிந்தியது. அடுத்து பலகையின் பிராசசரான 6502. வெள்ளைச் செராமிக்கா, கறுப்புப் பிளாஸ்டிக்கா? மேலே உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு வாரம். 1976 நடுவாக்கிற்கு முந்தைய 6502-இல் ஆர்ஓஆர் கட்டளை (பிட்களை வலப்பக்கம் சுழற்றுவது) வேலை செய்யாது. குறையாக இருந்தது இப்போது சேகரிப்பாளருக்கு அதுவே அழகு. தேதியை மட்டும் நம்பாமல் ஓட்டியே பார்க்கலாம். 0200-இலிருந்து பத்து பைட்: டி8, 18, ஏ9, 02, 6ஏ, 85, 10, 4சி, 4எஃப், 1சி. ஏடி 0200, ஜிஓ. பிறகு ஏடி 0010. அங்கே 01 இருந்தால் சாதாரண சிப். வேறு எது இருந்தாலும் அவசரப்பட்டு விற்காதீர்கள்.

நிஜக் கிம்-1-இல் 6530 சிப் இரண்டு இருக்கும், 002 ஒன்று, 003 ஒன்று. மானிட்டர் இவற்றின் உள்ளேயே பதிந்தது, நேர் மாற்றுச் சிப் கிடையாது. 6532 சிப்பும் ஈப்ராமும் (புற ஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதும் நினைவகச் சிப்) சேர்ந்த அடாப்டர் போட்டுத்தான் ஈடுகட்டுவார்கள். அப்படிப் போட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். நகல் பலகையில் பழைய சிப் சொருகி விற்பவர்களும் உண்டு என்பதால், வாங்குபவர் இரண்டு பக்கப் படமும் கேட்பார். முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

சிப்பைக் கழற்றி விற்கலாமா என்றால், என் கருத்து கூடாது. 6530 இல்லாத கிம்-1-ஐ யாரும் பலகையாக வாங்க மாட்டார். எஸ்டிகே-85-இல் உள்ள 8085, 8155, 8279 எல்லாம் தனியாக ஏராளமாகக் கிடைப்பவை, பிரித்தால் மொத்தம் குறையத்தான் செய்யும். ஒரே காலத்துத் தேதி எண்கள் கொண்ட சிப்களோடு பலகை முழுதாக நிற்பதற்குத்தான் காசு. விதிவிலக்கு ஒன்று: பலகை உடைந்தோ, தடங்கள் அரித்தோ போய், அதில் வெள்ளை-தங்கச் செராமிக் சிப் மட்டும் நல்லா இருந்தால் கழற்றலாம்.

எஸ்டிகே-85-இல் வயர்-ராப் (காலில் கம்பி சுற்றி இணைப்பது) போட விட்ட காலி இடத்தைப் பாருங்கள். மாணவர்கள் ஏதாவது கட்டியிருந்தால் பிடுங்கி எடுக்காதீர்கள், படத்தில் காட்டினால் போதும். கையேடும் மானிட்டர் லிஸ்டிங்கும் அசலாக இருந்தால் தனி வரியாக எழுதுங்கள். எம்பிஎஃப்-1 பல வருடம் விற்பனையில் இருந்தது, அரியது என்று எழுதினால் சிரிப்பார்கள். புத்தகம் போல மூடும் அந்தப் பிளாஸ்டிக் உறை விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்பதே அதில் கேள்வி.

பச்சைத்திரை

டெர்மினல் பக்கம் யாரும் வரவில்லையே என்று வந்தேன்.

பிளக்கைச் சொருகும் முன் பின்பக்க 115/230 சுவிட்ச் உங்கள் மின்சாரத்துக்கு ஏற்ற பக்கம் இருக்கிறதா பாருங்கள். திறந்தால் மெயின்ஸ் நுழையும் இடத்தில் தேன் நிறத்தில், மேலே விரிசல் விட்ட பேப்பர் கெபாசிட்டர் இருக்கக்கூடும். பத்து நிமிடத்தில் புகைந்து நாறும். எக்ஸ்2 வகை புதிதாக ஒன்று மாற்றுங்கள். டிரான்ஸ்பார்மர் சப்ளையை வேரியாக்கில் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மெல்ல ஏற்றுவார்கள். ஸ்விட்ச்-மோடு சப்ளை வைத்த விடி100-க்கு அது பொருந்தாது, குறைந்த வோல்ட்டில் கூடுதல் கரண்ட் இழுக்கும்.

படக்குழாயின் ஆனோடு மூடிக்குக் கீழே 10 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அணைத்த பிறகும். டிஸ்சார்ஜ் செய்யப் பழக்கமில்லாவிட்டால் மூடியைத் திறக்காமலே விற்கலாம், "உள்ளே திறக்கவில்லை" என்று எழுதுவது ஒன்றும் குறைவில்லை.

விடி100 ஓடினால் மணி அடித்து, மேல் இடது மூலையில் கர்சர் வரும். செட்-அப் அழுத்தி 4 அழுத்தினால் லோக்கல், அதாவது லைனோடு தொடர்பில்லாத நிலை. எல்லா விசையும் அடித்துப் பாருங்கள். லைனைச் சோதிக்க, ஆன்லைனுக்குத் திரும்பி 25 பின் கனெக்டரில் 2-ஐயும் 3-ஐயும் கம்பியால் சேர்த்தால் அடித்தது திரையில் வரணும். இதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். 132 பத்தி முறையில் 24 வரி வந்தால் அட்வான்ஸ்டு வீடியோ பலகை உள்ளே உண்டு, 14 வரியோடு நின்றால் இல்லை. இதை விற்பனைக் குறிப்பில் எழுதினால், வாங்குபவர் உங்களைத் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்வார்.

இருக்கும் ஒரே கீபோர்டை வைத்து இரண்டு விடி100-ஐயும் சோதித்துவிடுங்கள். பிறகு ஒன்றை முழுதாகவும், மற்றதை "வேறு கீபோர்டு போட்டுச் சோதித்தது, கீபோர்டு இல்லை" என்றும் விற்கலாம். விடி220 கீபோர்டை வாங்கிச் சேர்க்கலாம் என்று யோசிக்க வேண்டாம். பிளக்கே வேறு: விடி100-க்கு ஹெட்போன் மாதிரியான கால் அங்குல ஸ்டீரியோ பிளக், விடி220-க்குத் தொலைபேசி வகை. இன்னொன்று, கீபோர்டு மட்டும் கேட்டு யாராவது வருவார். கொடுத்துவிட்டால் மிச்சம் உள்ள பெட்டி கண்ணாடிச் சுமை. ஐபிஎம் 3278 டெர்மினலுக்கு நேர்ந்த கதி அது: பீம்-ஸ்பிரிங் கீபோர்டுக்காகப் பறித்துப் பறித்து, முழுசாய் இருப்பதே அபூர்வம்.

ஏடிஎம்-3ஏ-க்குத் தனி மவுசு. எச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அம்புக்குறி இருக்கும், யூனிக்ஸின் விஐ எடிட்டரில் கர்சர் நகர்த்தும் விசைகள் அங்கிருந்துதான் வந்தன. அந்த விசைகளை நெருங்கி ஒரு படம் எடுங்கள். ஹாஃப் டூப்ளெக்ஸில் வைத்தால் அடித்தது தானே திரையில் தெரியும்.

இரண்டு வகை டெர்மினலிலும் திரையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஓரங்களில் புரை விழுந்தாற்போல வட்டக் கறை இருந்தால் முன் கண்ணாடியை ஒட்டிய பசை கெட்டிருக்கிறது. சரி செய்யலாம், நீங்கள் வேண்டாம். சூடாக்கிக் கம்பியால் அறுத்துப் பிரிப்பதில் குழாயே போன கதை உண்டு. பாஸ்பர் தேய்ந்த எழுத்து நிழல் இருந்தாலும் அணைத்த திரையில் தெரியும், அதையும் படத்தில் விடாதீர்கள்.

ஆய்வகச்சாவி

ஏ-கே பின்னைக் கிரவுண்டு செய்ததும் கிம்-1 எழுந்துவிட்டது. பத்து பைட்டில் 01 வந்தது, ஆக சாதாரண 6502. ஜன்னல் உள்ள எஸ்டிகே-85 சிப்பை நகலெடுத்துக் கொடுத்தால் மதிப்பு கூடுமா? எங்கள் ஈப்ராம் ரீடரில் பொருந்தவில்லை.

எண்பத்தைந்து

அது 8755 என்ற ஈப்ராம். 40 கால், அட்ரஸும் டேட்டாவும் ஒரே கோட்டில் மாறி மாறி வரும், 2716 படிக்கும் சாதாரண ரீடரில் ஏறாது. அவசியம் என்றால் சப்ஸ்ட் மெம்மில் 0000-இலிருந்து நெக்ஸ்ட் அழுத்தி அழுத்தி 2048 பைட்டும் எழுதலாம், எனக்குப் பொறுமை இருக்காது. ஜன்னல் ஸ்டிக்கரை மட்டும் உரிக்காதீர்கள். நேர் வெயிலில் ஒரு வாரம், குழல் விளக்கில் சுமார் 3 வருடம் இருந்தால் அழியத் தொடங்கும் என்று அந்த ஈப்ராம்களின் தரவுத்தாளே சொல்கிறது. படம் எடுக்க ஒரு நிமிடம் உரிப்பதில் அழிவு இல்லை, ஆனால் பழைய ஒட்டுப்பசை திரும்ப ஒட்டாது.

பச்சைத்திரை

அனுப்பும்போது சிப்களைப் பழைய கறுப்புப் பஞ்சில் குத்தி அனுப்பாதீர்கள், பஞ்சு பிசுபிசுத்துக் காலைத் தின்றுவிடும். டெர்மினல் என்றால் கீபோர்டு தனிப் பெட்டி, திரைப் பெட்டிக்கு இரட்டைப் பெட்டி, நடுவில் குறைந்தது 5 செ.மீ. கெட்டி நுரை. அதிலும் நேரில் வந்து எடுத்துப்போகிறவர் கிடைத்தால் கொஞ்சம் குறைத்தே கொடுங்கள்.